மன்னார்க் கரையும் மூச்சறா நாதமும்

மன்னார்க் குடாவைப் பற்றி எழுதப்பட்ட நூல்களிற் பல முத்தின் விலையைப் பேசுவன. முத்தெடுத்தவனின் மூச்சைப் பேசுவன சிலவே. அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி என்னும் ஊர்களுக்கு எதிரேயுள்ள பார்களிலே சலாபம் நடந்த காலங்களில், ஈழத்தவரும் தமிழகக் கரையோரத்தவரும் அரபு நாட்டவரும் அங்கே வந்து கூடினர். காலிற் பொருத்திய பாரக்கல் குளிப்பவனை ஐந்து முதற் பத்துப் பாக ஆழத்துக்குக் கொண்டு செல்லும். ஏறத்தாழ ஒரு நிமிடப் பொழுதினுள் அவன் சிப்பிகளை வாரிக் கயிற்றை அசைத்தல் வேண்டும். தோணியில் நிற்பவன் அக்கணமே இழுத்தல் வேண்டும். ஒருவன் மேலே இளைப்பாற மற்றொருவன் கீழே இறங்குவான். ஒரு கல்லை இருவர் இவ்வாறு மாறிமாறிப் பயன்படுத்தினர். கரையிலே கடல்கட்டி என்பான் ஒருவன் சுறாவின் வாயைக் கட்டுதற்கு மந்திரம் ஓதுவான். எமர்சன் தெனன்ற் 1859ஆம் ஆண்டிலே வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் அவனையும் மறவாது குறித்துள்ளார். மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, குளிப்பவனின் அச்சத்தைக் கட்டியது. அஞ்சியவனுக்கு மூச்சு நில்லாது என்பதனைக் கடலோடிகள் அறிந்திருந்தனர்.

இதே கடல் முத்தோடு சங்கையும் தந்தது. மன்னார்க் குடாவிலும் பாக்குக் கடலிலும் எடுக்கப்பட்ட சங்குகள் நெடுங்காலமாக வங்காளத்துக்கு ஏற்றப்பட்டு அங்கே வளைகளாக அறுக்கப்பட்டன. சலாப ஆராய்ச்சியிலே பேராசிரியர் ஹெர்ட்மனுக்குத் துணைநின்ற ஜேம்ஸ் ஹோர்ணெல், பின்னர்ச் சென்னையிலே கடற்றொழிற் றுறையிற் பணிபுரிந்தபோது, 1914இற் சங்கைப் பற்றியே தனி நூலொன்று எழுதினார். வளையாகாது எஞ்சிய சங்குகளுட் சில கோயிலை அடைந்தன. சங்கின் நுனியை வெட்டித் துளை செய்து, அத்துளையிலே உதடுகளைப் பொருத்தி ஊதுவர். அங்கே நாக்குப் போன்ற சீவாளி எதுவும் இல்லை. துடிப்பது ஊதுபவனின் உதடே. ஆதலாற் காற்று மிகுதியாகச் செலவாகும். ஊதுபவனின் ஒரு மூச்சு எவ்வளவோ, பெரும்பாலும் அவ்வளவே சங்கின் நாதம். ஒருவன் மூச்சை அடக்கி எடுத்த பொருளை மற்றொருவன் மூச்சைச் செலவிட்டு முழக்குகின்றான். இருவர்க்கும் எல்லை அந்த ஒரு மூச்சே.

இவ்வெல்லையைக் கடந்த கருவியொன்று கோயில் மேளத்திலே இருந்தது. அது ஒத்து. நாகசுரத்தை ஒத்த வடிவினதாயினும் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் அதற்கு இல்லை. அடிப்பகுதியிலுள்ள சில துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதியைச் சேர்த்துக்கொள்வர். அதன் பின்னர் அக்கருவி செய்யவேண்டிய தொழில் ஒன்றுதான்: ஆதார சுருதியை இடையறாது ஒலித்தல். சுவாமி புறப்பாட்டின் மல்லாரி தொடங்கி இராக ஆலாபனை முடியும்வரை, நாகசுரக்காரர் மூச்செடுக்க நிறுத்தலாம், தவிற்காரர் கையை ஆற்றலாம், ஒத்துக்காரர் நிறுத்தலாகாது. அவர் நிறுத்தினால் மற்றையோர் நிற்கும் நிலமே அகன்றுவிடும்.

மூச்சை அடக்குதல் வேறு. மூச்சை அறாது செலுத்துதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவோர் உளர். குளிப்பவன் நுரையீரலிற் கொண்ட காற்றை வெளிவிடாது காக்கின்றான். ஒத்துக்காரரோ எதனையும் காப்பதில்லை. கன்னங்களிலே சிறிதளவு காற்றைத் தேக்கி, அடிநாவை மெல்லண்ணத்தோடு சேர்த்து வாயைத் தொண்டையினின்று பிரித்துவிடுகின்றார். அப்பொழுது வாய் தனியானதொரு துருத்தி. கன்னத் தசைகள் அத்துருத்தியை அழுத்திக் கருவிக்குக் காற்றூட்டும் அந்த அரைக்கணத்தில், மூக்கு வழியே புதுக்காற்று நுரையீரலுட் புகுகின்றது. பின்னர் நா விலக, நுரையீரற் காற்று மீண்டும் வாய்க்கு வந்து கன்னம் நிறைகின்றது. வெளியே நிற்பவன் செவிக்கு யாதொரு மாற்றமும் புலனாகாது. சீவாளியின் வாய் மிக ஒடுங்கியது. அதனூடு செல்லும் காற்று சிறிது. ஆகையாற்றான் கன்னம் தேக்கிய சிறு காற்றும் அவ்விடைவெளியை நிரப்பப் போதுமாகின்றது.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இது பழகுவதற்கு அரிது. மூக்கும் வாயும் பிறந்தநாள் தொட்டு ஒரே முறையில் இயங்கியவை. அவற்றைப் பிரித்து ஆளக் கற்றல் வேண்டும். முதலிற் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு மூக்கால் மட்டும் மூச்சு விடப் பழகுவர். அடுத்து வாய் நிறைய நீரைக் கொண்டு, அதனை மெல்லிய தாரையாக உமிழும்போதே மூக்கால் மூச்சிழுப்பர். இந்நிலையிலே பலர் புரையேறி இருமுவர்; அதனைத் தவறென்று கொள்ளுதல் வேண்டா. பின்னர்ப் பப்பாசிக் காம்பு போன்ற துளைத்தண்டின் ஒரு முனையை நீர்க் கிண்ணத்திலே அமிழ்த்திக் குமிழி அறாது ஊதுதல். குமிழி நின்ற இடம் எதுவோ அதுவே தாம் பிழைத்த இடம் என்பதைக் கற்பவர் தம் கண்ணாலேயே காண்பர். குமிழி ஒழுங்குபட்ட பின்னரும் சீவாளியை வாயில் வைத்தவுடன் நாதம் நடுங்கும். கன்னத்தின் அழுத்தமும் நெஞ்சின் அழுத்தமும் ஒன்றாகும்வரை சுருதி ஏறியும் இறங்கியும் காட்டிக்கொடுக்கும். நாள்களை அன்று, மாதங்களையே இங்கே கணக்கிடல் வேண்டும். பொற்கொல்லரும் இவ்வித்தையை அறிவர். விளக்குச் சுடரை ஊதுகுழலால் நகையின்மேற் செலுத்திப் பற்றுவைப்பவர் இடையில் மூச்செடுக்க நின்றால் பொடி உருகாது ஆறிவிடும். பாம்பாட்டியின் மகுடியும் இம்மூச்சினாலேயே இசைப்பது.

இம்மூச்சின் பெயரால் இன்று உலகம் அறிந்த கருவி அவுஸ்திரேலியாவின் வடபகுதியிலுள்ள பழங்குடியினருடையது. ஆர்னெம் நிலத்து யொல்ஙு மக்கள் யிடாக்கி என்று வழங்கும் அதனைப் பிறர் டிஜெரிடூ என்பர். கறையான் உள்ளீட்டை அரித்துக் குழாயாக்கிய யூக்கலிப்டசு மரத்தண்டே அக்கருவி. வாய் வைக்கும் விளிம்பிலே தேன்மெழுகு பூசுவர். சங்கைப் போலவே அங்கும் துடிப்பது உதடு. ஒத்தைப் போலவே அங்கும் மூச்சு அறுவதில்லை. ஆயினும் ஒரு வேற்றுமை கருதத்தக்கது. அகன்ற குழாயாதலின் காற்று விரைந்து தீரும். கன்னம் மட்டும் போதாமல் நாவும் தாடையும் சேர்ந்து அழுத்த, மூச்செடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஓர் அதிர்வு கேட்கும். அவ்வதிர்வை அவர்கள் மறைப்பதில்லை, அதனையே தாளமாக்கிவிட்டனர். ஒத்துக்காரரின் திறமையோ மூச்செடுத்த இடத்தை எவரும் அறியாது மறைத்தலில் இருந்தது. சுவிற்சர்லாந்திலே உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயினர் 25 பேரைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வொன்று, நான்கு மாதம் டிஜெரிடூ பயின்றவர்களுக்குப் பகற்றூக்கம் குறைந்தமையைக் கண்டு 2006இல் பிரித்தானிய மருத்துவ இதழிலே வெளிவந்தது. மேற்றொண்டைத் தசைகள் உரம் பெற்றமையே காரணம் எனக் கருதினர்.

தமிழருக்கும் இத்தகைய நெடுங்குழாய் புதிதன்று. மலைபடுகடாம் கூத்தர் சுமந்து சென்ற கருவிகளுள் தூம்பு ஒன்றைக் கூறும். கணுக்கள் உள்ளே திறக்கப்பட்டு, யானை பெருமூச்செறிவது போன்று ஒலித்தமையால் அது பெயர்பெற்றது. மூச்சென்னும் சொல்லையே கருவியின் பெயரோடு சேர்த்தமை நினைக்கத்தக்கது. அத்தூம்பு வழக்கொழிந்தது. சோழர் காலத்திலே வங்கியம் கோயிலில் நிலைபெற்றிருந்தது. தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டில் வங்கியம் வாசித்தோர்க்கு ஒதுக்கிய பங்கும் பொறிக்கப்பட்டுள்ளது. அக்காலத்திலேயே மாதோட்டத்தில் இராசராசேச்சரம் என்னும் கோயில் எழுந்ததை அங்குக் கிடைத்த சோழர் கல்வெட்டு அறிவிக்கின்றது.

மாதோட்டம் என்றவுடன் திருக்கேதீச்சரம் நினைவுக்கு வருதல் இயல்பே. சம்பந்தராலும் சுந்தரராலும் பதிகம் பெற்ற பாலாவிக் கரைத் தலம் அது. போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைக் கைப்பற்றிய பின்னர், அந்நூற்றாண்டு முடியுமுன்னே கோயில் இடிக்கப்பட்டது. அதன் கற்கள் மன்னார்க் கோட்டைக்குச் சென்றன என்பது வழிவழி வந்த செய்தி. ஒல்லாந்தர் ஆட்சி முழுவதும் அவ்விடம் காடாகக் கிடந்தது. 1872இலே ஆறுமுக நாவலர் அத்தலத்தை மீட்குமாறு சைவ மக்களை வேண்டினார். 1893இல் நிலம் சைவர் கைக்கு வந்தது. 1903இற் குடமுழுக்கு நிகழ்ந்தது. முந்நூறு ஆண்டுகள் அங்கே சங்கும் இல்லை, மேளமும் இல்லை. கோயில் இடிந்த செய்தியை வரலாற்றாசிரியர் எழுதினர். நாதம் நின்றதை எழுதினாரில்லை. கல்லைத் தேடித் தோண்டலாம். ஊதுபவனின் அடிநா அண்ணத்தோடு சேர்ந்த வகையை எம்மண்ணிலும் தோண்டி எடுத்தல் இயலாது. அதனைக் கற்பித்தவர் வாயினின்று கற்பவர் வாய்க்கு இட்டுச்செல்வோர் தொடர்ந்து இருந்தாலன்றி அது நில்லாது.

இந்த இரண்டாம் வகை இழப்பு கோயில்கள் செழித்திருந்த காலத்திலேயே, எவர் இடிப்பும் இன்றி நேர்ந்தது. சுருதிப்பெட்டி வந்தபின் ஒத்து மெல்ல ஒதுங்கியது. 1970களின் இறுதியில் மின்னாலியங்கும் சுருதிக்கருவியும் வந்தது. பெட்டிக்கு மூச்சில்லை, களைப்பில்லை, கூலியும் இல்லை; நாகசுரக்காரர் அதனை விரும்பியதிற் குற்றம் காண்பதற்கில்லை. ஆயினும் ஒத்து ஒரு கருவி மாத்திரமன்று. குருவின் பின்னால் நின்று ஒத்தூதிய மாணாக்கன், ஒரே சுருதியைப் பல இரவுகள் தாங்கியபடி, முன்னே நடக்கும் வாசிப்பு முழுவதையும் கேட்டுக் கற்றான். அவன் நெஞ்சும் கன்னமும் நாகசுரத்துக்கு அங்கேயே பதப்பட்டன. பெட்டி நாதத்தைக் காத்தது, அப்பள்ளியைக் காக்கவில்லை. புகழ் நாகசுரத்துக்கும் தவிலுக்கும் உரியதாயிற்று. ஈழத்திலே அளவெட்டியும் இணுவிலும் அவ்விரண்டாலும் பெயர்பெற்றன. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில் கடல்கடந்தும் போற்றப்பட்டது. பின்வரிசையில் ஒத்தூதியோரின் பெயர்களைத் திருவிழா அறிவித்தல்களிற் காண்பது அரிது. மூச்செடுப்பது தெரியாமல் ஊதுவதே தொழிலாகக் கொண்டவர்கள் தாமும் தெரியாமலே போயினர்.

1990இற் போர்ச்சூழலால் மாந்தைப் பகுதி மக்கள் இடம்பெயரத் திருக்கேதீச்சரத்தில் வழிபாடு மீண்டும் பல ஆண்டுகள் தடைப்பட்டது. கோயில் கல்லாலே புதுக்கப்பெற்று 2022 யூலை மாதம் குடமுழுக்குக் கண்டது. பாலாவிக்கு அப்பாலுள்ள கடலிலே சலாபம் கூடுவது நின்று நெடுங்காலமாயிற்று. சங்கு மட்டும் இன்னும் எடுக்கப்படுகின்றது. எனினும் அதனை எடுக்க இறங்குவோருட் பலர் இப்பொழுது காற்றடைத்த கலனை முதுகிற் சுமந்தே இறங்குகின்றனர்.