மூல ஓலையும் படி ஓலையும்: பெயர்க் கட்டங்களின் ஒரு வரலாறு

திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர். பக்தர்கள் அதற்காகப் போகிறார்கள். நமக்கு முக்கியம், அவர் கல்யாணத்தை நிறுத்திய ஆவணம். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில், புத்தூர் மணப்பந்தலுக்குள் ஒரு கிழவர் நுழைகிறார். உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஆளோலை என்னிடம் இருக்கிறது, நீ எனக்கு அடிமை என்கிறார். மாப்பிள்ளை அதைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழிந்தது வெறும் படி. மூல ஓலை வெண்ணெய்நல்லூர்ச் சபைக்கு வருகிறது. சபையார் பாட்டனின் வேறொரு எழுத்தோடு ஒத்துப்பார்த்து, ஆரூரர் தோற்றார் என்று தீர்ப்பளிக்கிறார்கள். எழுதியவர் பேரும் ஆரூரன், மாட்டிக்கொண்டவர் பேரும் ஆரூரன். வழிவருகிறவர்களையும் சேர்த்தே எழுதியிருந்ததால் பேரன் பிறக்கும் முன்பே கட்டுப்பட்டாயிற்று. சைவம் இதை அருள் என்கிறது. இருக்கட்டும். கிழவர் சிவன் என்பது சபைக்குத் தெரியாது. அது பார்த்தது ஓலையைத்தான்.

இணையச் செயலி எழுதுகிறவர்களும் வெறுங்கையோடு தொடங்குவதில்லை. லாகின், பயனர் டேபிள், அமைப்புக் கோப்புகள் எல்லாம் தயாராக உள்ள ஒரு கூட்டைப் படியெடுத்து, அதன்மேல் கட்டுகிறார்கள். 'ஸ்டார்ட்டர்' என்பது இதைத்தான். நேரம் மிச்சம், வாஸ்தவம். ஆனால் கூட்டுக்கு ஊர் உண்டு. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற சிற்றூரின் நாளிதழ் அலுவலகத்தில் பிறந்த ஜாங்கோ, 2005இல் பொதுவுக்கு வந்தது. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அதன் உள்ளிருப்பு நேரம் இன்றைக்கும் சிகாகோ நேரம்தான். புதுப் ப்ராஜெக்டுக்குத் தரும் கோப்பில் மட்டும் பொது நேரம் என்று மாற்றி வைத்திருக்கிறார்கள்.

நேரத்தை ஒரு வரியில் திருத்தலாம். பயனர் டேபிள் அப்படியல்ல. அதில் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்தது. நம் பெயருக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடம் தானாக வந்ததல்ல, போராடிப் பெற்றது. அந்த வெற்றிடத்தைப் பார்த்துத்தான் படிவம் 'கடைசிப்பெயர் எங்கே?' என்கிறது. ஜாங்கோ அதைக் காலியாக விட அனுமதிக்கிறது என்பீர்கள். சரி, ஆனால் கட்டம் இருந்தால் அதற்குச் சிவப்பு நட்சத்திரம் போட ஒருத்தர் வந்துவிடுகிறார். நம்மாளுங்க என்ன செய்கிறார்கள்? இனிஷியலை விரித்து அப்பா பேரைப் போடுகிறார்கள், பெண்கள் சிலர் புருஷன் பேரை. சாதி போன இடத்தில் தகப்பன் வந்து உட்காருகிறான்.

எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. 2013இல் ஜாங்கோ பயனர் மாதிரியை மாற்றிக்கொள்ள வழி திறந்தது. குக்கிகட்டர் ஜாங்கோ என்ற பிரபலமான ஸ்டார்ட்டர் இரண்டு கட்டத்தையும் நீக்கி ஒரே 'பெயர்' வைத்தது. உலகத்துப் பெயர் முறைகள் எல்லாம் இந்த இரண்டில் அடங்காது என்று நிரலுக்குள்ளேயே குறிப்பும் எழுதி வைத்தது. கொள்கை அறிக்கை எதுவும் இல்லை, ஒரு வரிக் குறிப்புதான்.

ஆனால் இங்கே ஓலைக் கதை தலைகீழ். வெண்ணெய்நல்லூரில் மூலம் செல்லும், படி செல்லாது. ஸ்டார்ட்டரில் படியெடுத்த கணமே உறவு அறுகிறது. பின்னால் மூலம் திருந்தினாலும் படி தானாகத் திருந்தாது. டேபிள்கள் உண்டான பிறகு பயனர் மாதிரியை மாற்றுவது மிகக் கடினம் என்று ஜாங்கோவின் கையேடே சொல்கிறது. திருத்தம் நாளைக்குத் தொடங்குகிறவருக்குத்தான். நேற்றே ஓடத் தொடங்கிய செயலிகளில் அப்பாக்கள் கடைசிக் கட்டத்தில் அப்படியே இருக்கிறார்கள்.