துபாஷி நின்ற அறை: பிளிடா மனநல மருத்துவமனை, 1953–1956

1953ஆம் ஆண்டு நவம்பரில், அல்ஜீரியாவின் பிளிடா நகர மனநல மருத்துவமனையில் இருபத்தெட்டு வயது மருத்துவர் ஒருவர் பொறுப்பேற்றார். மார்த்தினிக் தீவில் பிறந்து, பிரான்சின் லியோன் நகரில் மருத்துவம் பயின்ற ஃபிரான்ஸ் ஃபனான் அவர். அவர் வசம் இரு பிரிவுகள் ஒப்படைக்கப்பட்டன. ஒன்றில் 165 ஐரோப்பியப் பெண்கள். மற்றொன்றில் 220 முஸ்லிம் ஆண்கள். இரு பிரிவுகளிலும் அவர் ஒரே சிகிச்சை முறையைக் கையாண்டார். ஒன்றில் அது விரைவிலேயே பலன் தந்தது, மற்றொன்றில் தோற்றது. அந்தத் தோல்வியை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பது, பண்பாட்டை உணர்ந்த உளச்சிகிச்சை பற்றிய இன்றைய விவாதங்களுக்கு ஒரு முக்கியமான முன்கதை.

ஃபனான் கொண்டுவந்த முறை 'சமூகச் சிகிச்சை' எனப்பட்டது. ஸ்பெயினின் உள்நாட்டுப் போருக்குப் பின் பிரான்சில் தஞ்சம் புகுந்த கத்தலோனிய மருத்துவர் ஃபிரான்சுவா தொஸ்கெய்யெஸ், சான்-தல்பான் மருத்துவமனையில் அதை வளர்த்தெடுத்திருந்தார். நோயாளியைக் குணப்படுத்தும் முன் மருத்துவமனையைக் குணப்படுத்த வேண்டும் என்பதே அதன் சாரம். பூட்டிய கதவுகளுக்கும் கட்டிப்போட்ட கைகளுக்கும் பதிலாகக் கூட்டங்கள், விழாக்கள், கைவேலை, நோயாளிகளே நடத்தும் செய்தித்தாள் ஆகியவற்றின் வழியே விடுதிக்குள் ஒரு சமூக வாழ்வை உருவாக்குவது. தொஸ்கெய்யெஸிடம் பயிற்சி பெற்ற ஃபனான், அதே திட்டத்தைப் பிளிடாவில் அப்படியே நடைமுறைப்படுத்தினார்.

ஐரோப்பியப் பெண்கள் பிரிவில் கூட்டங்கள் களைகட்டின. கிறிஸ்துமஸ் கொண்டாடப்பட்டது, திரைப்படங்கள் காட்டப்பட்டன, தையலும் பின்னலும் நடந்தன, இதழும் வெளிவந்தது. முஸ்லிம் ஆண்கள் பிரிவிலோ கூட்டத்துக்கு வந்தவர்கள் வாய் திறக்கவில்லை. கைவேலைக்கு அமர்த்தியவர்கள் சற்று நேரத்தில் எழுந்து போனார்கள். பாட்டும் நாடகமும் எடுபடவில்லை. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் எழுத்தறியாத உழவர்களும் கூலிகளும் ஆதலால் இதழுக்கு அங்கே வாசகரும் இல்லை, எழுதுவோரும் இல்லை. மாதங்கள் கடந்தும் அந்த விடுதி அசையவில்லை.

இந்த மௌனத்துக்கு ஓர் ஆயத்த விளக்கம் ஏற்கெனவே இருந்தது. அல்ஜியர்ஸ் பல்கலைக்கழகத்தின் அந்துவான் பொரோவும் அவர் மாணவர்களும் உருவாக்கிய 'அல்ஜியர்ஸ் சிந்தனைப் பள்ளி' அதைப் பல ஆண்டுகளாகக் கற்பித்துவந்தது. வட ஆப்பிரிக்கப் பூர்வகுடியினர் இயல்பிலேயே உணர்ச்சிக்கு அடிமையானவர்கள், ஆராயும் ஆற்றல் குன்றியவர்கள் என்று பொரோ 1918இலேயே எழுதியிருந்தார். 1939இல் ஜான் சுத்தேருடன் இணைந்து, அந்தப் 'பழங்குடித் தன்மை'க்கு மூளையின் அமைப்பிலேயே காரணம் தேடினார். ஆகவே, முஸ்லிம் நோயாளிகள் கூட்டத்தில் பேசவில்லை என்றால் பேசும் அளவுக்கு அவர்கள் மனம் வளரவில்லை என்று எழுதிவிட்டுக் கோப்பை மூடிவிடலாம். அவ்வாறு மூடப்பட்ட கோப்புகள் பல.

ஃபனானும் அவருடைய பயிற்சி மருத்துவர் ஜாக் அசுலேயும் கோப்பை மூடவில்லை. 1954இல் இருவரும் இணைந்து வெளியிட்ட கட்டுரை, வெற்றியைக் கொண்டாடும் வழக்கமான மருத்துவக் கட்டுரைகளிலிருந்து விலகி, தங்கள் தோல்வியைத் தாங்களே விசாரணைக்கு உட்படுத்தியது. ஒரு மேலைச் சமூகத்துக்காக வார்க்கப்பட்ட அச்சை முஸ்லிம் சமூகத்தின்மேல் அழுத்தியதாக அவர்கள் ஒப்புக்கொண்டனர். குடியேற்ற ஆட்சி எந்த ஒருமயமாக்கலைச் செய்துவந்ததோ, அதையே நல்லெண்ணத்தோடு தாங்களும் செய்திருக்கிறோம் என்பது அவர்கள் கண்டடைந்த உண்மை. விழாவுக்குப் பொருள் தருவது அதைக் கொண்டாடும் சமூகம். பெண்களின் வேலையென்று கருதப்பட்ட பின்னல் வேலையை ஓர் உழவரிடம் கொடுத்துவிட்டு, அவர் எழுந்து போனதை நோயின் அறிகுறியாகக் குறித்துக்கொள்வது மருத்துவரின் பிழை.

மொழியியல் நோக்கில் அக்கட்டுரையின் கனமான பகுதி, மொழிபெயர்ப்பாளரைப் பற்றியது. ஃபனானுக்கு அரபும் தெரியாது, கபைல் மொழியும் தெரியாது. நோயாளிக்கும் அவருக்கும் இடையே ஒருவர் நின்று பேச்சை மாற்றித் தர வேண்டியிருந்தது. அந்த ஏற்பாட்டில் சொற்கள் சிதைந்ததை விட ஆழமான சிக்கல் ஒன்று இருந்தது. அல்ஜீரிய உழவர் தம் வாழ்வில் மொழிபெயர்ப்பாளரை எங்கே சந்தித்திருப்பார்? நீதிமன்றத்தில், அரசு அலுவலகத்தில், குற்றம் சாட்டப்படும் இடத்தில். மருத்துவமனையிலும் அதே காட்சி அமைந்தபோது அந்த அறை அவருக்கு விசாரணைக் கூடமாகத் தெரிந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை அறிந்த தமிழ் வாசகருக்கு இது புதிதாக இராது. துபாஷி என்பவர் இரு மொழி அறிந்தவர் மட்டுமல்லர். அதிகாரத்தின் வாசலில் நிற்பவர். உடல்நோயைத் தொட்டுப் பார்த்து ஓரளவு அறியலாம். மனநோய்க்கோ பேச்சே நாடித்துடிப்பு. அந்தத் துடிப்பை மூன்றாம் ஒருவர் எண்ணிச் சொல்ல, மருத்துவர் குறித்துக்கொண்டிருந்தார்.

இப்புரிதலுக்குப் பின் விடுதி மாறியது. அரபுக் காப்பிக்கடை ஒன்று வளாகத்துக்குள் திறக்கப்பட்டது. இஸ்லாமியப் பெருநாள்கள் உரிய முறையில் கொண்டாடப்பட்டன. ஊர் ஊராகச் சென்று கதை சொல்லும் மரபுக் கதைசொல்லி அழைக்கப்பட்டார். நிலத்தோடு பழகிய கைகளுக்குத் தோட்ட வேலை தரப்பட்டது. கூட்டத்தில் பேசாதவர்கள் காப்பிக்கடையில் பேசினார்கள். அவர்களிடம் பேச்சு எப்போதும் இருந்தது. பேசுவதற்கான இடம்தான் இல்லாமலிருந்தது.

1956இல் ஃபனானும் ஷார்ல் ஜெரோனிமியும் வெளியிட்ட மற்றொரு ஆய்வு, இதே கேள்வியை உளவியல் சோதனைகளிடம் எழுப்பியது. படத்தைக் காட்டிக் கதை சொல்லச் சொல்லும் சோதனை ஒன்று முஸ்லிம் பெண்களிடம் நடத்தப்பட்டது. அவர்கள் கதை புனையவில்லை. படத்தில் தென்பட்டவற்றைத் தயங்கித் தயங்கி அடையாளம் காண முயன்றார்கள். கற்பனை வறட்சி என்று இதற்கும் ஆயத்த முத்திரை இருந்தது. ஆனால் அப்படங்களின் அறைகள், ஆடைகள், மனிதரின் நிற்கும் முறை யாவும் அப்பெண்கள் வாழாத உலகைச் சேர்ந்தவை. அந்நிய வீட்டுக்குள் நிற்பவர் முதலில் வாசலைத்தான் தேடுவார்.

இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 'பண்பாட்டைக் கணக்கில் கொள்க' என்று முதலில் முழங்கியவர் ஃபனான் அல்லர். பொரோவின் பள்ளியும் முஸ்லிம்களின் பண்பாட்டைப் பற்றித்தான் ஓயாமல் எழுதியது. பொரோவுக்குப் பண்பாடு என்பது நோயாளியின்மேல் எழுதப்படும் தீர்ப்பு. ஃபனானுக்கோ மருத்துவர் தம்மிடமே கேட்டுக்கொள்ளும் கேள்வி. சிறுபான்மை, விளிம்புநிலைச் சமூகங்களுக்கான சிகிச்சை பற்றிய கையேடுகள் பெருகிவரும் இக்காலத்தில், 'இச்சமூகத்தார் இப்படிப்பட்டவர்கள்' என்ற பட்டியல் எந்த நொடியிலும் பொரோவின் பக்கம் சாய்ந்துவிடக்கூடும். அல்ஜீரியாவில் முஸ்லிம்கள் எண்ணிக்கையில் பெரும்பான்மையினர் என்பதும் நினைவுகொள்ளத் தக்கது. மருத்துவமனை எவருடைய மொழியில் நோயைப் பதிவு செய்கிறது என்பதே அந்த அறைக்குள் யார் சிறுபான்மை என்பதை முடிவு செய்கிறது.

ஃபனானின் முறைக்கும் ஓர் எல்லை இருந்தது. 1954 நவம்பரில் விடுதலைப் போர் மூண்டது. சித்திரவதைக்கு உள்ளானோரும் சித்திரவதை செய்த காவலரும் அதே மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு வந்தனர். மனிதர் தம் சூழலில் அந்நியராக உணராதிருக்க உதவுவதே உளமருத்துவம் எனில், சொந்த மண்ணிலேயே ஒரு மக்களை அந்நியராக்கும் ஆட்சியின் கீழ் அது எப்படி இயலும் என்று கேட்டு, 1956இல் அவர் பதவி விலகினார். 1957 ஜனவரியில் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். பின்னர் துனிஸ் நகரில், நோயாளிகள் பகலில் வந்து மாலையில் வீடு திரும்பும் பகல்நேர மருத்துவமனையை நடத்தினார். குடும்பத்தையும் அண்டை அயலையும் விடுதிக்குள் போலியாகப் படைப்பதை விட, நோயாளியை அவற்றிடமிருந்து பிரிக்காதிருப்பதே மேல் என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார்.

அதே 1950களில் வேறிடங்களிலும் இத்திசையில் அடிகள் எடுத்துவைக்கப்பட்டன. நைஜீரியாவின் அபெயோகுட்டாவில் தாமஸ் அடெயொயே லாம்போ, நோயாளிகளை உறவினரோடு சுற்றுக் கிராமங்களில் தங்கவைத்து, மரபு வைத்தியர்களின் துணையோடு சிகிச்சை அளித்தார். அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்துச் சிகிச்சையில் பங்குகொள்ளச் செய்தார். மூன்று இடங்களிலும் நோயாளி தம் மனிதர்களோடும் தம் பேச்சோடும் இருக்க முடிந்தது.

இந்தியாவுக்கும் பிளிடாவைப் போன்ற ஒரு பிரிவினை வரலாறு உண்டு. ராஞ்சி அருகே காங்கேயில் 1918இல் ஐரோப்பியருக்கென ஒரு மனநோய்க் காப்பகமும், 1925இல் இந்தியருக்கெனத் தனியே மற்றொன்றும் அமைந்தன. அவற்றைச் சூழ்ந்த நிலமோ முண்டாரியும் குருக்கும் பேசும் ஆதிவாசிகளின் நிலம். வட திராவிட மொழியான குருக்கைப் பேசுவோர் 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 20 லட்சம் பேர். அம்மொழி எட்டாவது அட்டவணையில் இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மதம், பண்பாடு, சாதி முதலியவற்றின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. நோயாளிக்குப் புரியும் மொழியில் தகவல் தரப்பட வேண்டும் என்கிறது. அது பெரிய முன்னேற்றம். ஆயினும், தகவலைப் புரியும்படி சொல்வது ஒன்று. துயரை அவர் மொழியிலேயே கேட்பது வேறொன்று.

குருக் மட்டுமே அறிந்த ஒரு மூதாட்டி தம் மனத்தின் பாரத்தைச் சொல்ல மருத்துவர் முன் அமர்ந்தால், இடையில் நிற்கப்போவது யார்? பக்கத்தில் இருக்கும் மகனா, வார்டு ஊழியரா? மகனைப் பற்றியே ஒரு குறை சொல்ல வேண்டியிருந்தால் அதை அவர் யார் வழியாகச் சொல்வார்? அவர் பேசாமல் இருந்துவிட்டால் குறிப்பேட்டில் என்ன எழுதப்படும்? 1954இல் பிளிடாவின் இரு மருத்துவர்கள் அந்த மௌனத்தைத் தங்கள் பிழையாகப் பதிவு செய்யத் துணிந்தார்கள்.