மஞ்சள் விளக்கும் ஒரு ஆடிட் அப்ஜெக்‌ஷனும்

இடவப்பாதி மழை பிடித்துக்கொண்ட ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். பேங்கிலிருந்து கிளம்பி பட்டம் சிக்னலில் நிற்கும்போது டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. என்ஜின் படம் போட்ட விளக்கு. அடுத்த வாரம் அம்மாவைப் பார்க்க சேலம் போக வேண்டும். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஒரு சர்வீஸ் சென்டரில், "சைலன்சர் பக்கம் முழு செட்டையும் மாத்தணும் சார்" என்று 38,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். ரோட்டோரக் கடைக்காரர் 500 ரூபாய் கேட்டார். "அந்த லைட்டு கெடுத்தாம் சாரே!" (மலையாளத்தில் கெடுத்துவது என்றால் அணைப்பது. இந்த இடத்தில் தமிழ் அர்த்தமும் பொருந்தும்!)

நான் பி.காம் படித்தவன். என்ஜின் தெரியாது, ஆடிட் தெரியும். குறையைச் சரிசெய்யாமல் அப்ஜெக்‌ஷனை மட்டும் அடித்துவிட்டால் என்ன ஆகும் என்று இருபது வருஷமாகப் பார்த்து வருகிறேன். அதனால் அந்த விளக்கு எங்கிருந்து வந்தது என்று படிக்க ஆரம்பித்தேன்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் தீப்பெட்டி அளவு கருவியைச் செருகினால் மொபைலில் கோடு வரும். எனக்கு வந்தது பி0135. ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்று அர்த்தம். ஃபியூஸ் நன்றாக இருந்தது. மல்ட்டிமீட்டர் வைத்தால் ஹீட்டர் கம்பி அறுந்திருந்தது. ஆக, ஒரே ஒரு சென்சார்தான் பிரச்சினை.

இந்தச் சென்சாரின் பூர்வீகம் 1890-களின் கடைசிக்குப் போகிறது. ஜெர்மன் விஞ்ஞானி வால்டர் நெர்ன்ஸ்ட், சிர்கோனியா பீங்கானைச் சூடாக்கினால் அதில் மின்சாரம் பாய்கிறது என்று கண்டுபிடித்து விளக்கு செய்தார். குளிர்ந்த நிலையில் அது எரியாது. முதலில் சூடேற்ற வேண்டும். அதே சிர்கோனியாவை வைத்து பாஷ் நிறுவனம் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று அளக்கும் சென்சார் செய்தது. 1976-இல் கலிஃபோர்னியாவுக்குப் போன வால்வோ கார்களில் முதலில் வந்தது. இதற்கும் சுமார் 300 டிகிரி சூடு வேண்டும். அதனால்தான் பிற்பாடு உள்ளுக்குள்ளேயே ஹீட்டர் வைத்தார்கள். என் காரில் செத்துப்போனது அதுதான்.

ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கு தப்பாமல் பார்ப்பது இதன் வேலை. கணக்கு தப்பினால் புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யாது. பேங்க் பாஷையில் சொன்னால், தினமும் கூடவே உட்கார்ந்திருக்கும் கன்கரன்ட் ஆடிட்டர்.

நிற்க. இது நம் ஊருக்கு வந்த கதை, கோர்ட் படி ஏறிய கதை. டெல்லி வாகனப் புகை பற்றி எம்.சி. மேத்தா 1985-இல் சுப்ரீம் கோர்ட்டில் மனு போட்டார். ஈயம் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும் என்பதால் 1995-இல் நான்கு பெருநகரங்களிலும், 2000-இல் நாடு முழுவதும் ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. 1999 ஏப்ரல் 29 அன்று டெல்லி வட்டாரப் புதுக் கார்களுக்கு யூரோ 2 கட்டாயம் என்று கோர்ட் கெடு வைத்தது. சென்னைக்கு அந்த விதி 2001-இல் வந்தது. அந்தத் துல்லியம் கார்புரேட்டருக்குக் கைவரவில்லை. சென்சார்கள் உள்ளே வந்தன, கார்புரேட்டர் வெளியே போனது. 2010-இலும் 2013-இலும் இரண்டு கட்டமாக, கோளாறைத் தானே சொல்லும் ஓபிடி கட்டாயமானது. என் மஞ்சள் விளக்கு அதன் வாரிசு.

"அந்தக் காலத்துக் காரே கார், ஒரு ஸ்பேனர் போதும்" என்று நாம் எல்லோரும் சொல்வோம். அப்பாவின் அம்பாசடரில் பெட்ரோல் ஏறாவிட்டால் ட்யூபை வாயில் வைத்து உறிஞ்சுவார். அப்போது பெட்ரோலில் ஈயம் இருந்தது. பக்கத்தில் நின்று அந்தப் புகையை சுவாசித்தவர்கள் நானும் தங்கையும். இதை நினைத்தபிறகு 500 ரூபாய் யோசனை எனக்கு ரசிக்கவில்லை.

38,000 ரூபாய்க்கும் ஒரு வரலாறு உண்டு. ஸ்பேர் பார்ட்ஸையும் கோளாறு அறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தாராளமாக விற்காததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் தனிக்கதை.

சரி, ரிப்பேருக்கு வருவோம். பக்கத்து வீட்டு சேட்டன் பாப்பனங்கோடு பஸ் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். சென்சார் என்ஜினுக்குப் பின்னால், கை நுழையாத இடத்தில். முதல்நாள் ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் விட்டோம். "எஞ்சின் கொறச்சு சூடாவட்டே சாரே" என்றார். ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, அணைத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, கையுறையோடு இறங்கினோம். வயர் நுழைய பிளவு வெட்டிய 22 எம்.எம். சாக்கெட் இல்லாமல் இது நடக்காது. தகடு போல்ட் ஒன்று உள்ளே விழுந்து, அதைத் தேடவே முக்கால் மணி நேரம். புதுச் சென்சாரின் நுனியில் கை படாமல், முதலில் விரலால் திருகி, பிறகு சாக்கெட். மொத்தம் மூன்று மணி நேரம், 3,400 ரூபாய். சேட்டன் கூலி வாங்கவில்லை. என் மனைவி சுட்ட தோசை மட்டும்.

சேலம் போகும் வழியில் நாகர்கோவிலைத் தாண்டும்போது பையனிடம் சொன்னேன்: "இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மணவாளக்குறிச்சி. அந்தக் கடற்கரை மணலில்தான் சிர்க்கான் இருக்கு. சிர்கோனியா அதிலிருந்துதான் வருது." அவன் மொபைலிலிருந்து தலையைத் தூக்கி, டாஷ்போர்டைப் பார்த்தான்.

"லைட் எரியலைப்பா."

அப்ஜெக்‌ஷன் குளோஸ்டு.