தாங்கியில் எவ்வளவு மிச்சம்?

2011 மே 29. அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள சார்லட் ஓட்டத்திடல். 600 மைல் கார் ஓட்டத்தின் கடைசிச் சுற்று. முன்னுக்குப் போய்க்கொண்டிருந்தவர் டேல் ஏர்ன்ஹார்ட் ஜூனியர், அந்தக் காலத்தில் நாஸ்கார் ரசிகர்கள் கூடுதலாக விரும்பிய ஓட்டுநர். கிட்டத்தட்ட மூன்று வருசமாக அவருக்கு ஒரு வெற்றியும் இல்லை. கடைசி வளைவில் கார் மெதுவானது. பெற்றோல் முடிந்துவிட்டது. பின்னால் வந்த கெவின் ஹார்விக் கடந்து போய் வென்றார். ஏர்ன்ஹார்டுக்குக் கிடைத்தது ஏழாவது இடம்.

"இதெல்லாம் ஒரு ஓட்டமா? வேகமாக ஓடுறவன் வெல்லவேணும், பெற்றோலை மிச்சம் பிடிக்கிறவன் இல்லை" என்று கனபேர் சொல்லுவினம். நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் அந்தத் தாங்கியின் வரலாற்றைத் தேடிப் போனபோது, அதே திடலில், அதே 600 மைல் ஓட்டத்தில், 47 வருசத்துக்கு முன்னர் நடந்த ஒன்றில் போய் நின்றோம்.

1964 மே 24. ஏழாவது சுற்று. ஜூனியர் ஜோன்சனின் காரும் நெட் ஜரெட்டின் காரும் முட்டிக்கொண்டன. அவற்றைத் தவிர்க்கத் திருப்பிய ஃபயர்போல் ரொபேர்ட்ஸின் ஃபோர்ட், உட்புறச் சுவரில் மோதிப் புரண்டு தீப்பற்றியது. 'ஃபயர்போல்' என்பது அவர் இளவயதில் பேஸ்போல் எறிந்த வேகத்துக்குக் கிடைத்த பட்டப்பெயர். தீயோடு அதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை. ஜரெட் ஓடிப்போய் அவரை வெளியே இழுத்தார். ஆனால் உடம்பின் பெரும்பகுதி எரிந்துபோயிருந்தது. யூலை 2ஆம் திகதி ரொபேர்ட்ஸ் இறந்தார்.

ஏழாவது சுற்று என்றால் ஓடி முடித்தது 10 மைல் அளவுதான். 600 மைல் ஓட்டத்துக்காக நிரப்பிய பெற்றோல் பெரும்பாலும் அப்படியே தாங்கிக்குள் இருந்திருக்கும். அந்தத் தாங்கி வெறும் உலோகப் பெட்டி. நசிந்தால் வெடிக்கும்.

ஆறு நாள் கழித்து, மே 30ஆம் திகதி, இண்டியானாபொலிஸ் 500 ஓட்டத்தில் எடி சாக்ஸ், டேவ் மக்டொனால்ட் என்ற இருவர் தீயில் இறந்தார்கள். அது வேறு வகைக் கார், வேறு அமைப்பு. ஆனால் பிரச்சினை ஒன்றுதான்: ஒரு கார் எவ்வளவு எரிபொருளைச் சுமந்துகொண்டு ஓடலாம்? அடுத்த வருசம் இண்டியானாபொலிஸில் குறைந்தது இரண்டு தடவை நிறுத்தி எரிபொருள் நிரப்பவேண்டும் என்று விதி வந்தது. ஸ்டொக் கார் பக்கத்தில், ஃபயர்ஸ்டோன் போன்ற ரயர் நிறுவனங்கள் உலோகப் பெட்டிக்குள் வைக்கத் தடித்த இறப்பர்ப் பை ஒன்றை உருவாக்கின. பெட்டி நசிந்தாலும் பை கிழியாது. பிறகு அதுவே கட்டாயமானது.

தாங்கியின் அளவுக்கும் கட்டுப்பாடு இருந்தது. நீண்டகாலம் அது 22 கலன், எங்கட கணக்கில் சுமார் 83 லீற்றர். 2007இல் வந்த புதிய காரில் அதுவும் சுமார் 67 லீற்றராகக் குறைந்தது. இந்தக் கார்களுக்கு ஒரு லீற்றருக்கு 2 கிலோமீற்றர் கிடைப்பதே பெரிய காரியம். 600 மைல் என்பது 965 கிலோமீற்றர். 83 லீற்றர் தாங்கியோடு என்றால் இடையில் ஐந்து தடவையாவது நிறுத்தவேண்டும். எப்போது நிறுத்துவது, எவ்வளவு ஊற்றுவது, ஒரு தடவையைத் தவிர்க்கலாமா? தந்திரம் எல்லாம் இந்தக் கேள்விகளில்தான் தொடங்குகிறது.

விதி வந்தால் அதைச் சுற்றிப் போகவும் ஆள் வரும். ஸ்மோக்கி யூனிக் என்ற பெயர்பெற்ற கார் மெக்கானிக்கைப் பற்றி ஒரு கதை உண்டு. தாங்கியின் அளவைத்தான் விதி சொல்கிறது, குழாயின் தடிப்பைச் சொல்லவில்லை என்று 2 அங்குல விட்டத்தில் 11 அடி நீளக் குழாய் போட்டு, 19 லீற்றர் கூடுதலாகக் கொண்டுபோனாராம். நாங்கள் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தோம். அந்தக் குழாய்க்குள் 7 லீற்றர்கூடக் கொள்ளாது. கதை சொல்லச் சொல்லக் குழாயும் வளர்ந்திருக்கிறது போல! ஆனால் 7 லீற்றர் என்றாலும் 13, 14 கிலோமீற்றர் வரும். சார்லட்டில் அது ஐந்து சுற்றுக்கு மேல். சும்மா இல்லை.

நேர்மையான வழிகளும் இருந்தன. 1960 டேடோனா 500 ஓட்டத்துக்கு ஜூனியர் ஜோன்சன் கொண்டுவந்த செவர்லே, மற்றவர்களின் பொன்டியாக்கை விட மெதுவானது. பயிற்சியின்போது, வேகமான காரின் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் காற்றை அது வெட்டித்தரும், தன் காரும் இழுபட்டுப் போகும் என்று கண்டுகொண்டார். அந்த ஓட்டத்தை வென்றதும் அவர்தான். இந்த உத்தி வேகத்தை மட்டுமல்ல, பெற்றோலையும் மிச்சப்படுத்தும். வளைவுக்கு முன்னரே காலை எடுத்து காரைத் தன் வேகத்தில் உருளவிடுவது இன்னொரு வழி. மஞ்சள் கொடியின் கீழ் மெதுவாகப் போகும்போது எஞ்சினை நிறுத்தி நிறுத்தி ஓடுவது வேறொரு வழி.

இதில் விசித்திரம் என்னவென்றால், ஓட்டுநருக்கு முன்னால் பெற்றோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் மானி இல்லை. ஊற்றும் கேனை முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்து, உள்ளே போனது எவ்வளவு என்று குழுவினர்தான் கணக்கிடுவார்கள். ஓட்டுநர் நம்புவது வானொலியில் வரும் ஒரு குரலை.

1974இல் இந்தக் கணக்கு ஓட்டத்திடலை விட்டு நாடு முழுக்கப் பரவியது. 1973 ஒக்டோபரில் அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடையால் அமெரிக்காவில் பெற்றோலுக்கு வரிசை. பெற்றோல் வரிசை என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. சனம் வரிசையில் நிற்க, இவர்கள் வட்டமாக ஓடி எரிக்கிறார்களா என்ற கேள்வி எழுந்தது. நாஸ்கார் ஓட்டங்களின் தூரத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தது. அந்த வருச டேடோனா 500 உண்மையில் 450 மைல்தான். சுற்றுக்களை 21இலிருந்து எண்ணத் தொடங்கி பெயரை மட்டும் காப்பாற்றினார்கள். வென்றவர் ரிச்சர்ட் பெட்டி.

இனி 2011க்குத் திரும்புவோம். அந்த இரவு ஓட்டம் 400 சுற்றில் முடிந்திருக்கவேண்டும். கடைசி நேரத்து மஞ்சள் கொடியால் 402 ஆனது. அந்த இரண்டு சுற்று, 5 கிலோமீற்றருக்கும் குறைவு. ஏர்ன்ஹார்டின் கணக்கு உடைந்தது அங்கேதான். இதே ஏர்ன்ஹார்ட் அதற்கு முன் கடைசியாக வென்றது 2008 யூனில், மிச்சிகனில். அதுவும் பெற்றோலை மிச்சம் பிடித்து வென்ற வெற்றிதான். ஒரே கணக்கு ஒரு தடவை கொடுத்தது, இன்னொரு தடவை பறித்தது.

ஆகவே பெற்றோலில் முடிவாகும் ஓட்டத்தை நாங்கள் இனிக் குறைவாகப் பேசமாட்டோம். தாங்கி சிறிதாக இருப்பதும், கார் நடுவில் நிற்கவேண்டி வருவதும் ஓட்டத்துக்கு வந்த குறை இல்லை. 1964இல் சார்லட்டில் தாங்கி நிரம்பியிருந்தது, ஒருவர் உயிரோடு வீடு திரும்பவில்லை. 2011இல் அதே திடலில் தாங்கி காலி. ஓட்டுநர் தோற்றார், காரிலிருந்து இறங்கி நடந்து போனார். அடுத்த வருசம் யூனில், அதே மிச்சிகனில், மறுபடி வென்றார்.