பின்விளிம்பில் ஒரு பெயர்

கதிரை வாங்கச் செல்பவர் அதன் முன்புறத்தைத்தான் பார்ப்பார். ஐக்கிய அமெரிக்காவின் கனெக்ரிக்கட் மாநிலத்துப் பழைய வர்ணக் கதிரைகளைத் தேடிச் சேகரிப்போரோ முதலில் அதனைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்க்கின்றனர். 'எல். ஹிச்கொக், ஹிச்கொக்ஸ்வில், கனெக்ரிக்கட், உத்தரவாதமுடையது' என்ற எழுத்துகள் இருக்கையின் பின்விளிம்பில் உள்ளனவா என்பதே அவர்கள் அறிய விரும்புவது. அந்த ஒரு வரி இருந்தால் கதிரையின் மதிப்பே வேறு.

அப்பெயருக்குரிய லம்பேர்ட் ஹிச்கொக் 1795இல் பிறந்தவர். லிச்ஃபீல்ட் நகரில் சைலஸ் சீனி என்ற தளபாட வினைஞரிடம் தொழில் பயின்றபின், 1818இல் பார்க்ஹாம்ஸ்ரெட் பகுதியில் இரு ஆறுகள் கூடுமிடத்தில் தமது பட்டறையை அமைத்தார். நீரின் விசையால் அங்கு கடைசல் இயந்திரங்களை இயக்க முடிந்தது. தொடக்கத்தில் அவர் முழுக் கதிரைகளைச் செய்யவில்லை. கால், குறுக்குச்சட்டம், முதுகுப்பலகை என உறுப்புகளாகவே செய்து, தென் கரோலைனாவின் சார்ள்ஸ்ரன் போன்ற தொலைதூர நகரங்களுக்கு அனுப்பினார். அதே மாநிலத்தில் ஈலை டெரி என்பவர் மரக் கடிகாரங்களை ஒரே அளவான உறுப்புகளைக் கொண்டு ஆயிரக்கணக்கில் செய்து காட்டி அப்போது அதிக காலம் ஆகியிருக்கவில்லை. ஒரு கதிரைக்குக் கடைந்த கால் இன்னொரு கதிரைக்கும் பொருந்த வேண்டும் என்ற எண்ணம் அந்த மண்ணில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது.

1820களின் நடுப்பகுதியில் மூன்று மாடிச் செங்கல் தொழிற்சாலை எழுந்தது. ஏறத்தாழ 100 பேர் அங்கு வேலை செய்தனர். ஆண்டுக்குச் சுமார் 15,000 கதிரைகள் வெளிவந்தன என்பர். ஒன்றின் விலை ஏறக்குறைய ஒன்றரை டொலர். தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த கிராமமும் ஹிச்கொக்ஸ்வில் என்றே பெயர் பெற்றது.

கதிரையின் வடிவம் அவரது கற்பனையன்று. இங்கிலாந்தின் ஷெரட்டன் பாணியும், அதனைத் தழுவி அமெரிக்க நகரங்களில் செல்வர்க்கென வரையப்பட்ட அலங்காரக் கதிரைகளும் முன்னரே இருந்தன. பால்டிமோரில் ஃபின்லே சகோதரர்கள் செய்த தளபாடங்கள் அவற்றுள் பெயர்பெற்றவை. கடைந்தெடுத்த முன்னங்கால்கள், நீராவியில் வளைத்த பின்தூண்கள், முன்புறம் அகன்று பின்புறம் ஒடுங்கும் இருக்கை ஆகியவை ஹிச்கொக் கதிரையின் அடையாளங்கள். இருக்கையை முதலில் நம்மூர்ப் பன்புல்லை ஒத்த நீர்ப்புல்லால் முறுக்கிப் பின்னினர். பிரம்பும் பலகையும் பின்னர் வந்தன. அக்காலக் கதிரைத் தச்சர் கையாண்ட ஒரு நுட்பத்தை இங்கு சொல்லியாக வேண்டும். குறுக்குச்சட்டங்களை நன்றாக உலர்த்திவிட்டு, கால்களில் சற்று ஈரம் இருக்கும்போதே அவற்றைத் துளைகளில் இறுக்குவர். நாளடைவில் கால் உலர்ந்து சுருங்கச் சுருங்கத் துளை சட்டத்தைக் கவ்விக்கொள்ளும். ஆணி வேண்டியதில்லை.

இனி வர்ணத்துக்கு வருவோம். முதலில் செம்பூச்சு, அது காய்ந்ததும் அதன்மேல் கரும்பூச்சு. கருமைக்கூடே சிவப்பு ஆங்காங்கே தெரியும்படி விட்டால், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு விலையுயர்ந்த ரோஸ்வுட் மரம்போலத் தோன்றும். அதன்மேல் பொன்னலங்காரம். ஸ்டென்சில் என்றதும் என் வயதொத்த வாசகர்களுக்குத் துண்டுப்பிரசுரம் அடித்த றோணியோ இயந்திரமே நினைவுக்கு வரும். இதுவும் உறவுமுறையில் அதற்கு அண்மையதுதான். வெட்டிய தாளின் துவாரங்கள் வழியாக உருவம் பதிகிறது. ஆனால் இங்கு மை இல்லை. வார்னிஷ் முழுதும் காயாமல் விரலில் இலேசாக ஒட்டும் நிலையில் இருக்கும்போது தாளை வைத்து, வெல்வெட் துணியில் தொட்ட உலோகப் பொடியை மெல்லத் தேய்க்க வேண்டும். ஓரத்தில் அடர்த்தியாகவும் நடுவே போகப்போக மெலிதாகவும் தேய்த்தால் பழம் உருண்டு திரள்கிறது. இலைக்கொரு தாள், பழத்துக்கொரு தாள், நரம்புக்கு வேறொரு தாள். நல்ல கதிரையொன்றின் முதுகுப்பலகையில் உள்ள பழக்கூடை இவ்வாறு பல தாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வைக்கப்பட்டுப் பிறந்தது. பிற்காலத்தில் வேகம் கருதி முழு உருவத்தையும் ஒரே தாளில் வெட்டினர். அப்போது பழங்கள் தட்டையாகிவிட்டன.

இந்தத் தேய்ப்பைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். முதற் செம்பூச்சைப் பூசியவர்கள் சிறுவர்கள். அவர்களது பெயர் எந்தக் கதிரையிலும் இல்லை. உத்தரவாதம் முழுவதும் முதலாளியின் பெயரிலேயே இருக்கின்றது. பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் கழித்தவனுக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. செய்தியைச் செப்பனிட்ட உதவி ஆசிரியருக்கும் ஈய எழுத்தைக் கோத்த தொழிலாளிக்கும் பத்திரிகையில் எங்கே பெயர் இருந்தது? ஆயினும், சில கதிரைகளின் பின்விளிம்பில் ஆங்கில 'என்' எழுத்து தலைமாறி நிற்பதைக் காணும்போது, முதலாளியின் பெயரையும் ஏதோ ஒரு கைதான் வெட்டியது என்பது நினைவுக்கு வருகின்றது.

அந்தப் பெயராலும் ஹிச்கொக்கைக் காப்பாற்ற இயலவில்லை. கரடுமுரடான பாதைகளில் வண்டியேற்றிச் சந்தைக்கு அனுப்ப வேண்டிய நிலையில், 1829இல் அவர் கடனில் மூழ்கி நிறுவனத்தைக் கடன்காரர் பொறுப்பில் விட நேர்ந்தது. 1832இல் மீண்டெழுந்து, மைத்துனர் ஆர்பா அல்ஃபேர்ட்டைப் பங்காளியாக்கினார். அன்று தொட்டு எழுத்தும் 'ஹிச்கொக், அல்ஃபேர்ட் அன்ட் கம்பனி' என மாறிற்று. 1840களில் யூனியன்வில் சென்று தனியே தொழில் நடத்திய அவர் 1852இல் காலமானார். 1860களில் கிராமமும் ரிவர்ட்டன் எனப் பெயர் மாறியதால், ஊர்ப்படத்திலிருந்து அவர் மறைந்தார்.

1946இல் அந்த ஆற்றுக்கு மீன்பிடிக்கச் சென்ற ஜோன் கெனி என்பவர் பாழடைந்து நின்ற கட்டடத்தைக் கண்டு, கதிரைத் தொழிலுக்கு மறுபடி உயிரூட்டினார். அந்நிறுவனமும் 2006இல் மூடப்பட்டது. 2010ஆம் ஆண்டளவில் வேறு சிலர் அதே ஊரில் அப்பெயரில் மீண்டும் தொடங்கினர். கெனியின் காலத்துக் கதிரைகளிலும் அதே எழுத்து வரி உண்டு. பதிவுபெற்ற வணிகக்குறியின் அடையாளம் அருகில் இருப்பதைக் கவனியாதவர்கள் அவற்றைப் பழையவையென நம்பி ஏமாறுவதுண்டு.

இவ்வாறு ஏமாறுவதைக் காட்டிலும் என்னை உறுத்துவது வேறொன்று. பழைய கதிரை மங்கிவிட்டது என்று எண்ணி, உள்ளே இருக்கும் நல்ல மரம் வெளிப்படட்டும் என நினைத்து, வர்ணத்தைச் சுரண்டி எடுத்துவிடுகிறவர்கள் எத்தனையோ பேர். உள்ளே இருப்பது பெரும்பாலும் மேப்பிள், பேர்ச் போன்ற சாதாரண மரந்தான். மறைப்பதற்காகவே பூசப்பட்ட வர்ணம் அது. சுரண்டிய பின் கடைந்த கால்கள் நிற்கும், வளைந்த தூண்கள் நிற்கும். பெயரில்லாத அந்தப் பெண்ணின் விரல், ஒரு திராட்சைப் பழத்தின் ஓரத்தில் சற்றே அழுத்தி நடுவில் தளர்ந்த இடம் மட்டும் இராது.