பால்மண வாசனைத் திரவியம்

பால்மண வாசனைத் திரவியம் என்பது காய்ச்சிய பால், பாலேடு, உருக்கிய நெய், பால்கோவா, பாற்சோறு போன்ற உணவுகளின் மணத்தை நினைவூட்டுமாறு ஆக்கப்படும் வாசனைத் திரவிய வகையாகும். இது உணவு மண வாசனைத் திரவியங்கள் என்னும் பெரும் பிரிவின் ஓர் உட்பிரிவு ஆகும். அப்பெரும் பிரிவு பிரெஞ்சு மொழியில் "குர்மான்" எனப்படுகிறது. சுவையுணவில் விருப்பம் மிக்கவர் என்பது அச்சொல்லின் பொருள். பால்மணத் திரவியங்களில் பொதுவாகப் பால் சேர்க்கப்படுவதில்லை. இலாக்டோன்கள், வனிலின், சந்தனம் முதலியவற்றின் சேர்க்கையே பால் என்னும் உணர்வைத் தருகிறது. இவ்வகையின் மணம் அதன் அளவைப் பெரிதும் சார்ந்தது. சிறிய அளவில் பாலாக உணரப்படும் அதே கலவை, பெரிய அளவில் திகட்டும் இனிப்பாகவோ எண்ணெய் வாடையாகவோ மாறக்கூடும்.

== வரலாறு ==

உணவு மணங்கள் வாசனைத் திரவியத்துள் நுழைவதற்குச் செயற்கைச் சேர்மங்களே வழிவகுத்தன. 1868இல் வில்லியம் ஹென்றி பெர்கின் கூமரினையும், 1874இல் ஃபெர்டினான்ட் டீமான், வில்ஹெல்ம் ஹார்மான் ஆகியோர் வனிலினையும் ஆய்வுகூடத்தில் உருவாக்கினர். இவ்விரு சேர்மங்களையும் பயன்படுத்திய தொடக்ககாலத் திரவியங்களுள் கெர்லான் நிறுவனத்தின் ஜிக்கி (1889) குறிப்பிடத்தக்கது. அதே நிறுவனத்தின் மிட்சுகோ (1919) பீச் பழ மணமுடைய இலாக்டோனைப் பயன்படுத்தியதற்காகவும், ஷாலிமார் (1925) எத்தில் வனிலினைப் பயன்படுத்தியதற்காகவும் அறியப்படுகின்றன.

ஆயினும் இனிப்புப் பண்டத்தின் மணத்தையே ஒரு திரவியத்தின் மையமாக அமைக்கும் போக்கு 1992இல் வெளியான ஏஞ்சலுக்குப் பின்னரே பரவியது. ஒலிவியே கிரெஸ்ப் ஆக்கிய இத்திரவியத்தில், பஞ்சு மிட்டாயின் மணமுடைய எத்தில் மால்டால் மிகுதியாகச் சேர்க்கப்பட்டு, அதன் இனிப்பு பச்சோலியின் மண்வாடையால் சமன்செய்யப்பட்டது. தொடர்ந்து வந்தவற்றுள் பால்மணத்தைக் கொண்ட லெ ஃபூ திசே (1998), மரமும் மாவும் கலந்த மணமுடைய புவா ஃபரீன் (2003), அரிசியும் பாலும் நினைவுக்கு வரும் கென்சோ அமூர் (2006) ஆகியவை அடங்கும். இவற்றில் சருக்கரையின் இனிப்பு குறைந்து, இதமான மென்மை முதன்மை பெற்றது.

== மணத்தின் வேதியியல் ==

=== இலாக்டோன்கள் ===

புதிதாகக் கறந்த பாலின் மணம் மிக மெல்லியது. பாலைக் காய்ச்சி வடித்து அதன் மணத்தைப் பிரித்தெடுத்து வாசனைத் திரவியத்தில் சேர்ப்பதும் நடைமுறைக்கு உகந்ததன்று. எனவே பாற்கொழுப்பிலும் தேங்காயிலும் பழங்களிலும் இயற்கையாகக் காணப்படும் இலாக்டோன்கள் என்னும் வளைய எசுத்தர்கள் பயன்படுத்தப்படுகின்றன.

* டெல்ட்டா-டெக்காலாக்டோன்: பாலேடு, வெண்ணெய், தேங்காய் ஆகியவற்றை நினைவூட்டும் மணம்.
* காமா-நோனாலாக்டோன்: தேங்காய் மணம். வணிகத்தில் "ஆல்டிகைடு சி-18" எனப்படுகிறது.
* காமா-அண்டெக்காலாக்டோன்: பீச் பழ மணம். வணிகத்தில் "ஆல்டிகைடு சி-14" எனப்படுகிறது.

பின்னிரண்டும் பெயரளவிலேயே ஆல்டிகைடுகள். வேதியியல்படி அவை இலாக்டோன்களே.

வெண்ணெய் உருக்கும்போது வீடெங்கும் பரவும் மணத்திலும் இலாக்டோன்களுக்குப் பங்குண்டு. பாற்கொழுப்பில் ஐதராக்சி அமிலங்கள் கிளிசரைடுகளாகப் பிணைந்துள்ளன. சூடேறும்போது அவை விடுபட்டு, வளையமாக மூடி, இலாக்டோன்களாகின்றன. வெண்ணெயைவிட நெய்யில் மணம் மிகுந்திருப்பதற்கு இது முக்கியமான காரணமாகும்.

=== வனிலினும் மால்டாலும் ===

வனிலின் வனிலா நெற்றின் முதன்மை மணப்பொருளாகும். எத்தில் வனிலின் அதனைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வலிமையானது. பாலும் சருக்கரையும் சேர்ந்து சுண்டும்போது நிகழும் மெயிலார்டு வினையில் மால்டால் முதலிய சேர்மங்கள் உருவாகின்றன. திரட்டுப்பால், பால்கோவா ஆகியவற்றின் பழுப்பு நிறமும் கருகலை ஒட்டிய இனிப்பு மணமும் இவ்வினையால் விளைபவை. எத்தில் மால்டால், மால்டாலை ஒத்த செயற்கைச் சேர்மம் ஆகும்.

=== அரிசி மணம் ===

பாசுமதி அரிசிக்கும், இலங்கையில் சமையலுக்குப் பயன்படும் ரம்பை இலைக்கும் பொதுவான மணத்தைத் தருவது 2-அசிட்டைல்-1-பைரோலின் என்னும் சேர்மமாகும். அரிசியும் பாலும் சேர்ந்த மணம் தமிழ் வாசகருக்குப் பால்பொங்கல் வழியாக நன்கு அறிமுகமானதே.

=== சந்தனம் ===

சந்தன எண்ணெயின் மணம் மரத்தன்மையுடன் பாலேட்டின் வழவழப்பையும் கொண்டது. பன்னாட்டுத் தர நிர்ணயமான ஐ.எசு.ஓ 3518:2002, எண்ணெயில் ஆல்ஃபா-சான்டலால் 41 முதல் 55 விழுக்காடும், பீட்டா-சான்டலால் 16 முதல் 24 விழுக்காடும் இருக்கவேண்டும் எனக் குறிப்பிடுகிறது. சான்டலால்கள் மெதுவாகவே ஆவியாவதால், உடன் சேர்க்கப்பட்ட மணங்களையும் நெடுநேரம் தாங்கி நிற்கின்றன. இதனாலேயே கன்னோசியின் மரபான அத்தர்களில் பூவின் ஆவி சந்தன எண்ணெயில் வாங்கப்படுகிறது.

== அடர்த்தி நிலைகள் ==

ஒரு திரவியத்தில் எத்தனாலில் கரைக்கப்பட்டுள்ள மணப்பொருளின் விழுக்காட்டைக் கொண்டு அது வகைப்படுத்தப்படுகிறது. பின்வரும் எல்லைகள் வழக்கத்தில் உள்ளவை. கண்டிப்பான வரையறைகள் அல்ல.

* ஓ டி கொலோன்: 2 முதல் 5 விழுக்காடு
* ஓ டி டாய்லெட்: 5 முதல் 15 விழுக்காடு
* ஓ டி பர்ஃபம்: 15 முதல் 20 விழுக்காடு
* பர்ஃபம் அல்லது எக்ஸ்ட்ரே: 20 முதல் 30 விழுக்காடு, சிலவற்றில் அதற்கும் மேல்

"இன்டென்ஸ்", "எலிக்சிர்" போன்றவை விற்பனைப் பெயர்களே. அவற்றுக்கு நிலையான விழுக்காடு இல்லை. மேலும், ஒரே பெயரில் வரும் இரு நிலைகள் பெரும்பாலும் வெறும் நீர்த்தலால் வேறுபடுவன அல்ல. ஆக்குநர் கலவையையே மாற்றியமைப்பதும் உண்டு.

தெளிப்பான் ஒருமுறை ஏறத்தாழ 0.1 மி.லி. வெளியிடுவதாகக் கொண்டால், 8 விழுக்காட்டுத் திரவியத்தில் 0.008 மி.லி. மணப்பொருளும், 20 விழுக்காட்டுத் திரவியத்தில் 0.02 மி.லி. மணப்பொருளும் உடலில் படியும். கலவை ஒன்றே எனில், முன்னதை இரண்டரை முறை தெளிப்பது பின்னதை ஒருமுறை தெளிப்பதற்கு நிகராகும்.

== அளவும் மணமும் ==

திரவியத்தின் ஆற்றலை மூன்று அளவுகளால் விவரிப்பர். அணிந்தவரிடமிருந்து எவ்வளவு தொலைவுக்கு மணம் எட்டுகிறது என்பது வீச்சு. அவர் கடந்து சென்றபின் காற்றில் எஞ்சுவது மணத்தடம். தோலில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது நிலைப்புக் காலம். அடர்த்தி உயரும்போது இம்மூன்றும் ஒன்றாக உயர்வதில்லை. எத்தனால் மிகுந்த மெல்லிய கலவை தெளித்தவுடன் வேகமாகப் பரவி விரைவில் அடங்கும். அடர்ந்த கலவை தோலை ஒட்டியே நின்று பல மணி நேரம் நீடிக்கக்கூடும். ஆகவே அடர்த்தி மிகுந்தது உரத்து மணக்கும் என்னும் பொதுக் கருத்து முழுவதும் சரியன்று.

பால்மணச் சேர்மங்களில் அளவைப் பொறுத்து மணத்தின் தன்மையே மாறுவது சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. டையசிட்டைல் மிகச் சிறு அளவில் வெண்ணெயாக மணக்கும். அளவு கூடினால் நெடியடிக்கும். பியூட்டிரிக் அமிலம் தடயமளவில் பாலின் இயல்பான மணத்துக்குத் துணைசெய்யும். மிகுந்தால் வாந்தியின் வாடையாகும். இலாக்டோன்கள் குறைந்த அளவில் பாலேடாகவும், மிகுந்த அளவில் எண்ணெய்ப்பிசுக்காகவும் உணரப்படுகின்றன. நடைமுறையில் மூன்று நிலைகளை வேறுபடுத்தலாம்.

# மென்மை: அணிந்தவருக்கும் மிக அருகில் இருப்பவருக்கும் மட்டும் தெரிவது. கழுவிய பருத்தித் துணி, குழந்தை மாவு, இளஞ்சூட்டுப் பால் ஆகியவற்றின் நினைவைத் தரும்.
# நடுத்தரம்: கையெட்டும் தொலைவில் தெரிவது. வனிலாவும் சந்தனமும் தனித்தனியே புலப்பட்டு, பாலில் செய்த இனிப்பின் தன்மை தோன்றும்.
# மிகை: அறை முழுவதும் தெரிவது. பாலின் மென்மை மறைந்து சருக்கரைப் பாகு, கருகல், தேங்காயெண்ணெய் ஆகிய கூறுகள் மேலெழும்.

அணிந்தவரின் மூக்கு சற்று நேரத்தில் தன் மணத்துக்குப் பழகிவிடுவதால், மணம் போய்விட்டதாக எண்ணி மீண்டும் தெளிப்பது இயல்பு. பிறருக்கு அது போயிருப்பதில்லை. சில கத்தூரி மணச் சேர்மங்களைச் சிலரால் முற்றிலும் நுகர முடிவதில்லை என்பதும் அறியப்பட்டதே. எனவே ஒரு திரவியத்தை மதிப்பிட விரும்புவோர் அதனைத் தாளில் மட்டுமன்றித் தோலிலும் இட்டு, பத்து நிமிடம், ஒரு மணி, நான்கு மணி ஆகிய இடைவெளிகளில் நுகர்ந்து பார்ப்பதும், பிறரிடம் கேட்டறிவதும் பயன்தரும்.

== வெப்பச் சூழலில் ==

இத்திரவியங்களுள் பல குளிர்நாடுகளின் பருவங்களை எண்ணி ஆக்கப்பட்டவை. வெப்பம் ஆவியாதலை விரைவுபடுத்தும். காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர், மானாம்பதி போன்ற கடலோரமல்லாத பகுதிகளில் கோடைப் பகலின் வெப்பநிலை 40 பாகை செல்சியசை ஒட்டி உயர்வதுண்டு. அத்தகைய வேளையில் எலுமிச்சை, ஏலம் போன்ற எடை குறைந்த மேல்மணங்கள் விரைவில் அகன்றுவிட, கனமான இனிப்பு மணங்கள் முன்கூட்டியே வெளிப்பட்டுத் திகட்டச் செய்யும். அதே திரவியம் மார்கழி, தை மாத விடியற்காலையில் ஒழுங்கான படிகளில் விரியும். கோடையில் மென்மையான நிலையும், குறைந்த தெளிப்பும் பொருந்துவது இதனால்தான்.

வறண்ட தோலில் மணம் விரைவாகக் குறைவதால், மணமற்ற எண்ணெயைச் சிறிது தடவியபின் தெளிப்பது நிலைப்புக் காலத்தைக் கூட்டும். துணியில் மணம் தோலைவிட நெடுநேரம் நிற்கும். ஆனால் வனிலின் காற்றும் ஒளியும் பட்டுப் பழுப்பு நிறமாக மாறும் இயல்புடையது. எனவே வெள்ளைப் பருத்தி ஆடையிலும் பட்டுச் சேலையிலும் நேரடியாகத் தெளித்தால் கறை படியக்கூடும்.

== தமிழர் மரபில் ==

உணவின் மணத்தை உடலில் அணிவது தமிழ் மரபுக்கு முற்றிலும் புதியதன்று. ஏலம், பச்சைக் கற்பூரம், குங்குமப்பூ ஆகியன இனிப்பிலும் இடம்பெறுகின்றன. சந்தனக் கலவையிலும் சேர்க்கப்படுகின்றன. பச்சைக் கற்பூரம் சருக்கரைப் பொங்கலுக்கு உரிய அளவு மிகச் சிறிது. கூடினால் பண்டம் கசந்துவிடும் என்பதைச் சமைப்போர் அறிவர். மணப்பொருளின் பயன் அதன் அளவிலேயே உள்ளது என்பதற்கு இது அண்மையிலுள்ள சான்றாகும்.

சந்தனம் பழந்தமிழில் ஆரம், சாந்தம் எனவும் வழங்கியது. காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்த பொருள்களுள் மேற்கு மலையின் ஆரத்தையும் அகிலையும் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. திருமண வாயிலில் பன்னீர் தெளித்துச் சந்தனம் தந்து வரவேற்கும் வழக்கம் இன்றும் உள்ளது. அரைத்த சந்தனம் தோலை ஒட்டி மணக்குமே தவிரத் தொலைவுக்கு வீசுவதில்லை. இன்று பால்மணத் திரவியங்களில் பலர் விரும்பும் மென்மை நிலை இதனை ஒத்ததே.

== சந்தனத் தட்டுப்பாடு ==

பால்மணத்துக்கு அடிப்படையான சந்தன மரம் இன்று அரிதாகியுள்ளது. இது பிற மரங்களின் வேரிலிருந்து ஊட்டம் பெறும் அரை ஒட்டுண்ணி ஆகும். மணமுள்ள வைரக்கட்டை உருவாகப் பல ஆண்டுகள் தேவை. கள்ள வெட்டும், கூர்முனை நோய் எனப்படும் தொற்றும் இயற்கை மரங்களைப் பெரிதும் குறைத்தன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை அழிவாய்ப்பு இனமாக வகைப்படுத்தியுள்ளது. தமிழ்நாட்டில் சவ்வாது மலை, சத்தியமங்கலம் காடுகள் சந்தனத்துக்குப் பெயர்பெற்றவை.

நெடுங்காலம், தனியார் நிலத்தில் வளரும் சந்தன மரமும் அரசுக்கே உரியதாக இருந்தது. இது மரம் வளர்க்கும் ஆர்வத்தைக் குறைத்தது. கர்நாடகத்தில் 2001இலும் தமிழ்நாட்டில் 2002இலும் சட்டம் திருத்தப்பட்டு நில உரிமையாளருக்கு உரிமை வழங்கப்பட்டது. எனினும் வெட்டுவதும் விற்பதும் வனத்துறையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. மேற்கு ஆசுத்திரேலியாவில் இந்தியச் சந்தனம் தோட்டப்பயிராக வளர்க்கப்படுகிறது. சாண்டலோர், ஜவனால் போன்ற செயற்கைச் சேர்மங்களும் சந்தன மணத்துக்கு மாற்றாகப் பயன்படுகின்றன. சந்தனம் என்று குறிக்கப்பட்ட திரவியங்கள் பலவற்றில் இவற்றின் பங்கே மிகுதி.

== பாதுகாப்பு ==

கூமரின் உள்ளிட்ட சில மணப்பொருள்கள் தோல் ஒவ்வாமையை ஏற்படுத்தக்கூடும். ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் 26 மணப்பொருள்களைச் சிட்டையில் குறிப்பிட வேண்டும் என விதித்தது. 2023இல் இப்பட்டியல் 80க்கும் மேற்பட்டதாக விரிவாக்கப்பட்டது. டையசிட்டைல் ஆவியை மிகுதியாகச் சுவாசித்த சோளப்பொரி ஆலைத் தொழிலாளர்களுக்கு நுரையீரல் நோய் ஏற்பட்டது அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் 2000இல் வெளிப்பட்டது. மணம் இனியது என்பதால் அது எந்த அளவிலும் தீங்கற்றது என்று கொள்ளலாகாது. ஆசுத்துமா, ஒற்றைத் தலைவலி உடையோர் அருகிலிருக்கும் வகுப்பறை, பேருந்து போன்ற மூடிய இடங்களில் மென்மை நிலையே ஏற்றது. திரவியம் எத்தனால் மிகுந்தது என்பதால் விளக்கு, அடுப்பு ஆகியவற்றின் அருகில் தெளிக்கக் கூடாது. வெயிலும் வெப்பமும் படாத இடத்தில் வைத்தால் மணம் கெடாமல் நீடிக்கும்.

== இவற்றையும் பார்க்க ==

* சந்தனம்
* வனிலா
* அத்தர்
* இலாக்டோன்
* மெயிலார்டு வினை
* பால்கோவா