டக்ளஸ் வழக்கு: பிறப்புக்குச் சாட்சி யார்?

ஒருவர் இன்னாருடைய பிள்ளை என்பதை நீதிமன்றத்தில் எப்படி நிறுவுவது? மரபணுச் சோதனை வந்துவிட்ட பிறகு இது ஆய்வகத்தில் முடியும் காரியமாக நமக்குத் தோன்றுகிறது. அதற்கு முன்போ பிறப்பு என்பது பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. தன் பிறப்புக்குத் தானே சாட்சி சொல்ல எவராலும் இயலாது. இச்சிக்கலின் ஆழத்தைக் காண, பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தைக் கொந்தளிக்கச் செய்த டக்ளஸ் வழக்கைவிடச் சிறந்த இடம் இல்லை.

டக்ளஸ் கோமகனுக்குப் பிள்ளை இல்லை. அவருடைய தங்கை ஜேன் டக்ளஸ், 1746இல் ஜான் ஸ்டூவர்ட் என்னும் கடனாளிப் படைத்தலைவரை இரகசியமாக மணந்தார். 1748 ஜூலை 10 அன்று பாரிஸ் நகரில், தமது ஐம்பதாம் வயதில், ஆர்ச்சிபால்ட், ஷோல்டோ என்ற இரட்டை ஆண்மக்களைப் பெற்றதாக அவர் அறிவித்தார். அண்ணன் நம்பவில்லை, தங்கைக்கு அளித்துவந்த உதவித்தொகையையும் நிறுத்தினார். கணவர் கடனுக்காகச் சிறைப்பட, ஜேன் வறுமையில் உழன்றார். 1753இல் ஷோல்டோ இறந்தான். அதே ஆண்டு இறுதியில், ஆர்ச்சிபால்ட் தம் வயிற்றில் பிறந்தவனே என்று சொல்லியபடி ஜேனும் மறைந்தார்.

கோமகன் 1758இல் மணந்துகொண்ட மனைவி அந்தச் சிறுவனுக்காக விடாது வாதாடினார். 1761இல் இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன் கோமகன் மனம் மாறித் தம் சொத்தை ஆர்ச்சிபால்டுக்கு எழுதிவைத்தார். ஆனால் ஆண்வழி உறவினரான ஹாமில்டன் கோமகனும் அப்போது சிறுவர். அவருடைய காப்பாளர்கள் வழக்குத் தொடுத்தனர். அவர்களுள் ஒருவரான ஆண்ட்ரூ ஸ்டூவர்ட் பாரிசுக்கே சென்று, பதினான்கு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நாளைத் தேடலானார்.

அவர் திரட்டிய சாட்சியங்கள் எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல. பிள்ளைப்பேறு நடந்ததாகச் சொல்லப்பட்ட லெப்ரன் அம்மையாரின் வீட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்நாளில் தம்பதியர் தம் விடுதியில் தங்கியிருந்தனர் என்று ஒரு விடுதிக்காரர் கணக்கேட்டைக் காட்டினார். பேறு பார்த்த மருத்துவர் எழுதியதாக முன்வைக்கப்பட்ட கடிதங்கள் ஜான் ஸ்டூவர்ட் தாமே புனைந்தவை என்பது வெளிப்பட்டது. மிக்நோன் என்ற கண்ணாடித் தொழிலாளியின் மகனும், சான்ரி என்ற கழைக்கூத்தாடியின் மகனும் அந்த ஆண்டுகளில் அயல்நாட்டாரிடம் பறிபோயினர். அவர்களே இந்த இரட்டையர் என்பது ஹாமில்டன் தரப்பின் வாதம்.

எதிர்ப்புறம் இருந்தவை வேறு வகைச் சான்றுகள். பேற்றின்போது உடனிருந்த பணிப்பெண் ஹெலன் ஹியூவிட்டின் உறுதிமொழி. ஜேனின் கருவுற்ற உடலைக் கண்டதாகச் சொன்னோரின் சாட்சியம். 1764இல் மரணப்படுக்கையில் ஜான் ஸ்டூவர்ட் தந்த வாக்குமூலம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பிள்ளைகளிடம் ஜேன் காட்டிய பாசம்.

1767 ஜூலையில் எடின்பரோ நீதிமன்றத்தின் பதினைந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். ஏழுக்கு ஏழு என்று பிரிந்து நிற்க, தலைவரின் வாக்கால் ஆர்ச்சிபால்ட் தோற்றார். ஒருவருக்குத் தாய் உண்டா இல்லையா என்பது ஒரே ஒரு வாக்கில் முடிவாயிற்று! பின்னாளில் ஜான்சனின் வரலாற்றை எழுதிப் புகழ்பெற்ற ஜேம்ஸ் பாஸ்வெல் அப்போது இளம் வழக்கறிஞர். தீர்ப்புக்குச் சில வாரங்களுக்கு முன்னரே இவ்வழக்கை ஸ்பெயினில் நடப்பதுபோல மாற்றி ‘டொராண்டோ’ என்ற கதையை வெளியிட்டிருந்தார். ஜான்சனோ இவ்விஷயத்தில் எதிர்க்கருத்தினர். தத்துவ அறிஞர் டேவிட் ஹ்யூமும் ஹாமில்டன் பக்கமே நின்றார்.

1769 பிப்ரவரி 27 அன்று லண்டன் பிரபுக்கள் சபை அத்தீர்ப்பை மாற்றியது. தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு, ஜேனின் குணநலனையும், பிள்ளைகளுக்குப் பெற்றோருடன் இருந்த முகச்சாயலையும் சான்றாக எடுத்துரைத்தார். செய்தி எட்டியதும் எடின்பரோவில் மக்கள் விளக்கேற்றிக் கொண்டாடினர். எதிராகத் தீர்ப்பளித்த நீதிபதிகளின் வீட்டுச் சன்னல்கள் உடைந்தன.

முகச்சாயலையும் குணத்தையும் நம்பிச் சொத்தை வழங்குவது இன்று நமக்கு விந்தையாகப் படலாம். ஆனால் தாய் எனத் தன்னை அறிவித்து, இறுதிவரை தாயாகவே வாழ்ந்த ஒருத்தியின் சொல்லைப் பொய்யாக்க, எதிர்த்தரப்பு எவ்வளவு நிறுவ வேண்டும் என்பதே அங்கே எழுந்த மெய்யான கேள்வி என்று நாம் கருதுகிறோம். கணவர் கடிதங்களைப் புனைந்தார் என்பது அவரைப் பொய்யர் ஆக்கும். அதனாலேயே மனைவி பிள்ளை பெறவில்லை என்று ஆகிவிடாது. அந்த வகையில் பிரபுக்கள் சபையின் முடிவு நமக்கு ஏற்புடையதே.

ஆர்ச்சிபால்ட் 1790இல் பிரபுப் பட்டம் பெற்று, 1827 வரை வாழ்ந்தார். எனினும் வழக்கை மூடிவைக்கையில் ஓர் உறுத்தல் எஞ்சுகிறது. அவர் ஜேனின் மகன் என்றால், மிக்நோனின் பிள்ளையும் சான்ரியின் பிள்ளையும் எங்கே போயினர்? டக்ளஸ் நிலங்கள் யாருக்கு என்பதை அறிய இரு நாடுகளின் நீதிமன்றங்கள் பல்லாண்டுகள் உழைத்தன. பாரிசின் அந்த ஏழைப் பெற்றோர் அவற்றுக்கு வெறும் சாட்சிகள். அவர்கள் இழந்த பிள்ளைகளின் பெயரில் சொத்து எதுவும் இல்லை. ஆகவே வழக்கும் இல்லை.